எம்.எஸ். நோயில் தானியங்கு நரம்புக் கோளாறுகள்: கண்டுபிடிப்பது முதல் சமாளிப்பது வரை

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (எம்.எஸ்.) உள்ள ஒருவர் நியூரோ டாக்டரைப் பார்க்கப் போனால் பேச்சு பெரும்பாலும் நடை, பார்வை, கைகால் மரத்துப்போவது, எம்.ஆர்.ஐ.யில் புதுத் தழும்பு உண்டா இல்லையா என்பதோடு முடிந்துவிடுகிறது. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருவது, பஸ் ஏறுவதற்குள் மூன்று தடவை பாத்ரூம் ஓடுவது, நாலு நாளாக வயிறு போகாமல் இருப்பது, மே மாதம் வந்தால் உடம்பு துவண்டுபோவது, இதையெல்லாம் அவர்களும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. சொன்னாலும் துண்டு துண்டாகச் சொல்கிறோம். தலைசுற்றலுக்கு ஒரு டாக்டர், சிறுநீருக்கு இன்னொருவர், மலச்சிக்கலுக்கு தெருமுனை மெடிக்கல் ஷாப். ஆளுக்கொரு மாத்திரை கொடுக்கிறார்கள். ஒன்றுக்குக் கொடுத்த மாத்திரை இன்னொன்றைக் கிளப்பிவிடுகிறது.

இவை நாலைந்து தனி நோய்கள் அல்ல. ஒரே நரம்பு மண்டலத்தின் கோளாறு நாலைந்து இடத்தில் தலைகாட்டுகிறது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, முழுதாக ஒருவரிடம் காட்டினால் பாதி சிக்கல் அவிழ்ந்துவிடும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் கீழே இருப்பது. எங்கள் வீட்டில் அக்காவுக்கு எம்.எஸ். இருப்பதால் இதில் பலவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான், மருத்துவன் அல்ல. மாத்திரையைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது எதுவானாலும் உங்கள் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது

இதயத்துடிப்பு, ரத்தக்குழாய் சுருங்குவது, வேர்வை, கண்பாப்பா, குடல், சிறுநீர்ப்பை, பாலுறவு உணர்ச்சி எல்லாமே நாம் நினைக்காமலே நடப்பவை. நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். அதில் பரிவு, எதிர்ப்பரிவு என்று இரண்டு பிரிவுகள் உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேல்பகுதியிலிருந்தும் கிளம்புகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகளில் ஒரு பங்கு மூளைத்தண்டிலிருந்தும், மறுபங்கு தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்தும் வருகின்றன. இரண்டுக்கும் மேலிடம் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியும் மூளைத்தண்டும்.

எம்.எஸ். தாக்குவது மூளையையும் தண்டுவடத்தையும். அங்கே நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறை அரிக்கப்பட்டுத் தழும்பு விழுவதால் மேலிருந்து வரும் உத்தரவு தாமதமாகிறது, சிதைகிறது, சில சமயம் வந்தே சேருவதில்லை. சர்க்கரை நோயில் கெட்டுப்போவது பெரும்பாலும் வெளியே ஓடும் நரம்புகள். எம்.எஸ்.ஸில் சிறுநீர்ப்பையும் நன்றாக இருக்கும், அதற்குப் போகும் வெளி நரம்பும் நன்றாக இருக்கும். மேலிருந்து வரும் கட்டுப்பாடுதான் குழம்பியிருக்கும்.

மூளையிலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் செய்தி தண்டுவடம் முழுவதையும் கடந்தாக வேண்டும். கழுத்திலோ முதுகிலோ எங்கே தழும்பு இருந்தாலும் அது இடறும். சிறுநீர், மலம், பாலுறவு என்று மூன்றும் சேர்ந்தாற்போல் கெடுவதும், கால் விறைப்பு உள்ளவர்களுக்கு இவை அதிகம் வருவதும் அதனால்தான். சிறுநீர்த் தொல்லை மட்டும் எம்.எஸ். உள்ளவர்களில் பத்தில் எட்டு பேருக்கு வரை ஏதோ ஒரு காலத்தில் வரும் என்பார்கள். நடை நன்றாக இருப்பவருக்கும் வரலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாத் தலைசுற்றலையும் எம்.எஸ். கணக்கில் எழுதிவிடக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு நம் ஊரில் சர்வ சாதாரணம். முதலில் அந்த ரத்தப் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள்.

படி 1: இரண்டு வாரக் குறிப்பு

ஒரு நோட்டுப் போடுங்கள். போனில் எழுதுவதைவிட நோட்டு நல்லது. டாக்டர் மேசையில் திறந்து வைத்துவிடலாம். தினமும் எழுத வேண்டியது கொஞ்சம்தான். தலை கிறுகிறுத்ததா, எப்போது: எழுந்தபோதா, சாப்பிட்ட பிறகா, வெந்நீரில் குளித்த பிறகா? அறை சுழன்றதா, அல்லது கண் இருட்டி விழப்போவது போல் இருந்ததா? இந்த இரண்டும் வேறு வேறு. சுழல்வது பெரும்பாலும் காது அல்லது மூளைத்தண்டு சமாச்சாரம். இருட்டுவதுதான் ரத்த அழுத்தச் சமாச்சாரம். நம் பேச்சில் இரண்டுக்கும் “தலைசுத்துது” என்றே சொல்லிவிடுவதால் டாக்டர் வேறு பாதையில் போய்விடுகிறார். அப்புறம் மலம் கழித்த நாள், வேர்வை எங்கே வருகிறது எங்கே வருவதில்லை, பாதம் சில்லிட்டு ஊதா நிறமாவது, அன்றைய களைப்பு.

இந்த இரண்டு வாரத்தில் ஏதாவது மூன்று நாள் மட்டும் சிறுநீர்க் குறிப்பு. அதைப் பற்றிக் கீழே விரிவாக.

படி 2: படுத்தும் நின்றும் பி.பி. பார்ப்பது

மருத்துவமனையில் உட்கார வைத்து எடுக்கும் ஒரே ஒரு பி.பி. இந்த விஷயத்தில் எதையும் காட்டாது. வீட்டிலேயே செய்யலாம். மேல்கையில் கட்டும் எலக்ட்ரானிக் மெஷின் ஒன்று, கட்டில், பக்கத்தில் ஒரு ஆள். காலையில் காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் செய்வது நல்லது.

ஐந்து நிமிடம் பேசாமல் படுத்திருந்து பி.பி.யையும் நாடித்துடிப்பையும் குறியுங்கள். எழுந்து நின்று 1வது நிமிடம், 3வது நிமிடம் மறுபடி பாருங்கள். நிற்க முடிந்தால் 5வது, 10வது நிமிடமும். நடுவில் கண் இருட்டினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். அதுவே ஒரு முடிவுதான், நேரத்தை எழுதிக்கொண்டால் போதும்.

ஒரு உதாரணம். படுத்திருக்கும்போது 124/78, நாடி 72. நின்று மூன்றாவது நிமிடம் 98/66, நாடி 80. மேல் எண் 26 இறங்கியிருக்கிறது, கீழ் எண் 12. மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது நிமிர்நிலைத் தாழ் ரத்த அழுத்தம். இங்கே நாடியையும் கவனியுங்கள். உடம்பில் தண்ணீர் குறைந்ததால் அழுத்தம் இறங்கியிருந்தால் இதயம் ஈடுகட்ட வேகமாக அடித்திருக்கும். 26 இறங்கியும் நாடி எட்டே எட்டுதான் ஏறியிருக்கிறது என்றால், ஈடுகட்டச் சொல்லும் நரம்புதான் சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம்.

இதற்கு நேர்மாறாக, அழுத்தம் இறங்காமல் நாடி மட்டும் பத்து நிமிடத்துக்குள் 30 அல்லது அதற்குமேல் ஏறி, கூடவே படபடப்பும் கிறுகிறுப்பும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அது பாட்ஸ் எனப்படும் வேறொரு வகை. பதின்வயதினருக்கு அந்த எல்லை 40. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், சந்தேகம் இருந்தால் மருத்துவமனையில் டில்ட் டேபிள் சோதனை செய்வார்கள். ஆளைப் பலகையில் கட்டிப் படுக்கவைத்து, பலகையை நிமிர்த்தி, பி.பி.யையும் நாடியையும் தொடர்ந்து பார்ப்பார்கள். ஆழமாக மூச்சு விடச் சொல்லியும், மூச்சை அடக்கி ஊதச் சொல்லியும் துடிப்பின் மாற்றத்தை அளப்பதும் உண்டு. எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. வீட்டுக் குறிப்பு நாலைந்து நாளுக்கு ஒழுங்காக இருந்தால் அதை வைத்தே பல டாக்டர்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

சமாளிப்பது எப்படி? முதலில் தண்ணீர். இதயம், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் நாளுக்கு இரண்டு லிட்டரை ஒட்டிக் குடிக்கலாம். காலையில் படுக்கையை விட்டு எழும் முன் அரை லிட்டர் தண்ணீரை மளமளவென்று குடித்தால் சில நிமிடங்களில் பி.பி. ஏறத் தொடங்கும், அந்த ஆதரவு ஒரு மணி நேரம்வரை கிடைக்கும். உப்பைக் கூட்டுவதும் உதவும், உப்புப் போட்ட மோர் எளிய வழி. ஆனால் படுக்கையில் பி.பி. ஏறுபவர்களுக்கு இது ஆகாது, அதனால் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம்.

இரவில் கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே செங்கல் வைத்து நாலைந்து அங்குலம் உயர்த்துங்கள். தலையணையை அடுக்குவதில் பலனில்லை, கழுத்துதான் வலிக்கும். இப்படி உயர்த்திப் படுத்தால் இரவில் சிறுநீரில் போகும் உப்பும் தண்ணீரும் குறையும், காலையில் எழும்போது அழுத்தம் அவ்வளவாக விழாது. எழும்போது ஒரேயடியாக எழ வேண்டாம். பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுங்கள். ரேஷன் கடையிலோ கோயில் வரிசையிலோ நிற்க வேண்டி வந்தால் காலைக் குறுக்கே போட்டுத் தொடையை இறுக்குவது, முஷ்டியை மடக்குவது, குதிகாலை ஏற்றி இறக்குவது எல்லாம் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். நடையில் தள்ளாட்டம் இருப்பவர்கள் எதையாவது பிடித்துக்கொண்டே செய்யுங்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட், இடுப்புவரை வரும் இறுக்கக் காலுறை இரண்டும் பலன் தருபவை. முழங்கால்வரை வரும் காலுறையில் பலன் குறைவு.

சாப்பாடும் கணக்கில் வரும். இலை நிறையச் சோறு சாப்பிட்டால் ரத்தம் குடல் பக்கம் போய்விடும், அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பி.பி. விழும். கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து வேளையாகப் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். வெந்நீர், குனிந்து தலை தேய்ப்பது, சட்டென்று நிமிர்வது என்று மயக்கத்துக்கு வேண்டிய எல்லாம் ஒரே பாத்ரூமில் இருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள், கதவைத் தாழிடாதீர்கள். இந்தியக் கழிப்பறையில் முக்கிவிட்டு எழும்போதும் இதே ஆபத்துதான். சுவரில் ஒரு கைப்பிடி பதித்துவிட்டால் பெரிய உதவி.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் போன்ற மருந்துகள் உண்டு. மிடோட்ரின் படுத்திருக்கும்போது பி.பி.யை ஏற்றிவிடும் என்பதால் கடைசி வேளை மாத்திரை படுப்பதற்கு நாலு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் சாப்பிட்டால் பொட்டாசியம் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

படி 3: சிறுநீர்ப்பை

எம்.எஸ்.ஸில் சிறுநீர்ப்பை மூன்று விதமாகக் கெடலாம். ஒன்று, கொஞ்சம் நிரம்பியதுமே தன்னிச்சையாகச் சுருங்குவது: அவசரம், அடிக்கடி, கசிவு. இரண்டு, காலியாகாமல் தேங்குவது. மூன்றாவது, தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு வரும் குழப்பம்: பை சுருங்கி வெளியே தள்ளும்போது வாசல் தசை திறக்காமல் இறுகிக்கொள்வது. விட்டு விட்டு வரும், போன பத்து நிமிடத்தில் மறுபடி வரும், முழுதாகப் போன நிம்மதியே இருக்காது.

சிக்கல் என்னவென்றால், உள்ளே இருந்து பார்க்கும்போது மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். தேங்கி நிற்பவருக்கும் அடிக்கடிதான் வரும், ஏனென்றால் பை எப்போதும் முக்கால்வாசி நிரம்பியே இருக்கிறது. அவருக்குப் பையை அடக்கும் மாத்திரை கொடுத்தால் இன்னும் தேங்கும். ஆகவே மாத்திரைக்கு முன் ஸ்கேன். இந்த வரிசையை மாற்ற விடாதீர்கள்.

சிறுநீர்க் குறிப்புக்கு ஒரு பழைய அளவுக் குவளையைப் பாத்ரூமில் வையுங்கள். குறிப்பு இப்படி இருக்கும்: “காலை 6:10, 280 மி.லி. 7:00, 90 மி.லி., அவசரம். 7:40, 70 மி.லி. 8:15, வாசலிலேயே கசிந்தது.” பக்கத்தில் எப்போது என்ன குடித்தீர்கள் என்பதும் வரட்டும். மூன்று நாள் குறிப்பில் இரவுப் பங்கு தனியாகத் தெரியும். மொத்தச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போகிறதென்றால் கோளாறு பையில் மட்டும் இல்லை. பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் திரும்பி வருகிறது, அல்லது படுக்கையில் பி.பி. ஏறுகிறது. முன் படியில் எடுத்த அளவுகளை எடுத்துப் பாருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்தால் அந்த நீர் படுப்பதற்கு முன்பே வெளியேறிவிடும்.

ஸ்கேன் எழுதித் தரும்போது சீட்டில் கே.யூ.பி. (சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை) என்பதோடு பி.வி.ஆர். என்றும் இருக்க வேண்டும். சிறுநீர் கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது அது. ஸ்கேன் சென்டர்களில் ஒரு தொல்லை உண்டு. லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கச் சொல்லி, முட்ட முட்ட நிரம்பும்வரை உட்கார வைப்பார்கள். அளவுக்கு மீறி நிரம்பிய பை யாருக்குமே சரியாகச் சுருங்காது. போதாததற்கு வெளியே பத்து பேர் காத்திருக்க, பூட்டு இல்லாத பாத்ரூமில் அவசரமாகப் போய்விட்டு வரச் சொல்வார்கள். அப்படி வரும் மிச்சக் கணக்கை நம்ப முடியாது. சாதாரணமாக வரும் உணர்வு வந்ததும் “எனக்கு நரம்புக் கோளாறு, அடக்க முடியாது” என்று சொல்லி ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். போன பிறகு அவசரப்படாமல் ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு முறை முயன்று பார்த்துவிட்டு மிச்சத்தை அளக்கச் சொல்லுங்கள்.

மிச்சம் 100 மி.லி.க்குக் கீழே என்றால் பையை அடக்கும் மாத்திரைகளை யோசிக்கலாம். ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சாலிஃபெனாசின் ஒரு குடும்பம். வாய் உலரும், மலச்சிக்கல் கூடும், வேர்வை குறையும், ஆக்ஸிபியூட்டினின் ஞாபகசக்தியையும் மங்க வைக்கலாம். மிராபெக்ரான் வேறு குடும்பம், இந்தத் தொல்லைகள் குறைவு, ஆனால் பி.பி.யை ஏற்றலாம். மாத்திரைகள் கைகொடுக்காவிட்டால் பையின் சுவரில் போட்டுலினம் ஊசி போடுவார்கள். அமெரிக்காவில் இதற்கு 2011இல் அனுமதி கிடைத்தது. மாதக்கணக்கில் பலன் நிற்கும், அப்புறம் திரும்பப் போட வேண்டும். போட்ட பிறகு சிறுநீர் தேங்கிக் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் டியூப்) தேவைப்படலாம் என்பதால் அதைப் பழகிய பிறகே ஊசிக்குப் போவது நல்லது.

மிச்சம் 100 மி.லி.யைத் தாண்டி, தொல்லையும் இருந்தால் நாமே நாளுக்குச் சில முறை மெல்லிய டியூபைச் செருகிக் காலி செய்யும் முறை இருக்கிறது. மருத்துவமனைகளில் சி.ஐ.சி. என்பார்கள். ஜாக் லாப்பிடெஸ் என்ற அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்) 1972இல் இதை எழுதி வெளியிட்டார். டியூப் எப்போதும் கிருமி நீக்கியதாக இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை அது மாற்றியது. கை சுத்தமாக இருந்து, பையை நேரத்துக்குக் காலி செய்தால் போதும் என்றார். கேட்டதுமே எல்லோரும் மிரளுவார்கள். அக்காவும் “இந்த ட்யூபெல்லாம் நமக்கு வேணாம்டா” என்றாள். நர்ஸ் ஒருவர் கண்ணாடியை வைத்துச் சொல்லிக்கொடுத்த பிறகு, இரவில் முழுத் தூக்கம் கிடைப்பதற்காகவே அவள் அதை விடுவதில்லை. கையில் நடுக்கமோ மரமரப்போ அதிகம் இருந்தால் வீட்டில் இன்னொருவர் பழக வேண்டியிருக்கும். அடிவயிற்றை அழுத்திப் பிதுக்கிப் போவது மட்டும் வேண்டாம். வாசல் மூடியிருக்கும்போது அழுத்தினால் சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்கே திரும்பலாம்.

அடுத்தது நீர்க்கடுப்பு. எரிச்சல் வந்தால் நம் வீடுகளில் “சூடு பிடிச்சிருக்கு” என்று சொல்லி வெந்தயமும் இளநீரும் கொடுத்துவிடுவோம். எம்.எஸ். உள்ளவருக்கு அது கிருமித் தொற்றாக இருந்தால் இரண்டு நாளில் கால் நகராமல் போய்விடும். எம்.எஸ்.ஸின் புது அட்டாக் என்று பயந்து ஓடுவோம். உண்மையில் தொற்றால் உடம்பு சூடேறி, பழைய தழும்புகளே மறுபடி இடறுகின்றன. இதைப் போலி அட்டாக் என்பார்கள். இங்கே மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஏற்றினால் பயன் இல்லை, தொற்றுதான் பெருகும். எனவே ஸ்டீராய்டு டிரிப் போடலாம் என்ற பேச்சு வந்தாலே, “முதலில் யூரின் டெஸ்ட்டும் கல்ச்சரும் எடுக்கலாமா” என்று கேளுங்கள். அதேபோல, தொல்லை எதுவும் இல்லாதபோது கல்ச்சரில் கிருமி வந்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டியதில்லை, முக்கியமாக கதீட்டர் பயன்படுத்துபவர்கள்.

தண்ணீரைக் குறைப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளியே போனால் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை கிடைக்காது. அதனால் காலையிலிருந்தே சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள். சிறுநீர் அடர்த்தியாகிப் பையை எரிச்சலூட்டுகிறது, அவசரம் கூடுகிறது. தொற்று வருகிறது. மலம் இறுகுகிறது, இறுகிய மலம் பையை அழுத்துகிறது. பி.பி. விழுகிறது. ஒரு சிக்கனம், நாலு செலவு. தண்ணீரின் அளவைக் குறைக்காமல் நேரத்தை மாற்றுங்கள். பெரும்பங்கைப் பகலில் முடித்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் நிறுத்துங்கள். குறைக்க வேண்டியது காபியும் டீயும்தான்.

படி 4: குடல்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குடல் மெதுவாக நகர்கிறது, ஆசனவாய்த் தசை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இரண்டும் சேர்ந்தால் மலச்சிக்கலும் கசிவும் ஒரே ஆளுக்கு மாறி மாறி வரும். கசிவு என்று வயிற்றுப்போக்கு மாத்திரை சாப்பிடும் முன் உள்ளே கெட்டியான மலம் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பைச் சுற்றி நீராகக் கசிவது உண்டு.

சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் குடல் தானாக ஒரு அலை நகரும். காலைச் சாப்பாடு முடிந்து இருபது நிமிடத்தில், உணர்வு வந்தாலும் வராவிட்டாலும், தினமும் அதே நேரத்தில் போய் உட்காருங்கள். வெஸ்டர்ன் கமோடு என்றால் காலுக்கடியில் ஒரு சிறிய மணை. இசப்கோல் நல்லதுதான், ஆனால் தண்ணீர் போதாமல் சாப்பிட்டால் அதுவே உள்ளே கெட்டியாகிவிடும். குடல் மிக மெதுவாக இருப்பவர்களுக்கு நாரைக் கூட்டக் கூட்ட வயிறுதான் ஊதும். அவர்களுக்கு லாக்டுலோஸ் அல்லது பாலிஎதிலீன் கிளைகால் பவுடர் பொருந்தும். வயிற்றை வலது அடிப்பக்கத்தில் தொடங்கி மேலே, குறுக்கே, இடது கீழே என்று வட்டமாகத் தேய்ப்பது செலவில்லாத உதவி.

படி 5: வெயிலும் வேர்வையும்

வில்ஹெல்ம் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இல் ஒன்றைக் குறித்து வைத்தார்: எம்.எஸ். நோயாளிகள் சிலருக்கு உடலுழைப்புக்குப் பிறகு பார்வை மங்கி, ஓய்வெடுத்ததும் திரும்புகிறது. உழைப்பு அல்ல, அதனால் ஏறும் உடல் சூடுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. மையலின் போன இழையில் செய்தி மயிரிழையில்தான் கடந்து போய்க்கொண்டிருக்கிறது. உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே நின்றுவிடலாம். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்பு சந்தேகமுள்ளவரை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து நோயைக் கண்டுபிடித்தார்கள் என்றால் பாருங்கள்.

இது புது சேதம் இல்லை, சூடு தணிந்தால் சரியாகிவிடும். ஆனால் தானியங்கு நரம்பு கெட்டவருக்கு இரட்டை அடி. உடல் சூட்டைத் தணிக்கும் வேர்வையே குறைவாக வருகிறது. இடுப்புக்குக் கீழே வேர்க்காமல் முகமும் கழுத்தும் மட்டும் வேர்ப்பது ஒரு அடையாளம். சிறுநீருக்குச் சாப்பிடும் ஆக்ஸிபியூட்டினின் குடும்பம் மிச்சமிருக்கும் வேர்வையையும் நிறுத்தும். கத்திரி வெயிலில் இந்த மாத்திரையோடு வெளியே அலைவது ஆபத்து.

நம் ஊரில் வெயில் ஒரே மாதிரி இல்லை. வேலூர், திருச்சி பக்கம் வறண்ட சூடு. நனைந்த பருத்தித் துணியைக் கழுத்திலும் தோளிலும் போட்டு மின்விசிறிக்கடியில் உட்கார்ந்தால் சட்டென்று குளிரும். சென்னையில் காற்றே ஈரம், துணி காயாது, குளிர்ச்சியும் தராது. அங்கே குளிர்ந்த தண்ணீரில் கை, பாதம், முகத்தை வைத்திருப்பது, ஐஸ் போட்ட தண்ணீரைக் குடிப்பது, ஏ.சி. அறை இவைதான் வழி. உடற்பயிற்சிக்கோ வெளி வேலைக்கோ முன்னதாகவே இருபது, முப்பது நிமிடம் உடம்பைக் குளிரவைத்துக்கொண்டு போனால் கூடுதல் நேரம் தாங்கும். ஏ.சி.யை ஆடம்பரமாகப் பார்க்கும் உறவினர்களிடம் அது மருந்து என்றே சொல்லுங்கள்.

பாதம் சில்லிட்டு நிறம் மாறுவதற்குப் பெரிய வைத்தியம் இல்லை. சாக்ஸ் போதும். உணர்ச்சி குறைந்த காலில் வெந்நீர்ப் பை மட்டும் வைக்காதீர்கள், சுட்டுவிடுவது தெரியாது.

படி 6: படுக்கையறை

ஆண்களுக்கு விறைப்பு நிற்காமல் போவது, பெண்களுக்கு வறட்சியும் உணர்ச்சிக் குறைவும், இருவருக்கும் உச்சம் எட்டாமல் போவது. கணவன் மனைவிக்குள்கூடப் பேசாமல் “இஷ்டம் குறைஞ்சுபோச்சு” என்று ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். இஷ்டம் வேறு, நரம்பு வேறு. சில்டெனாஃபில் பலருக்கு வேலை செய்யும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் தொடவே கூடாது, நின்றால் பி.பி. விழுபவர் டாக்டரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். பெண்களுக்கு நீர் சார்ந்த ஜெல் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். முன்னதாகச் சிறுநீர்ப்பையைக் காலி செய்துகொண்டால் பாதி பயம் போகும். மனச்சோர்வுக்குச் சாப்பிடும் மாத்திரைகளாலும் இந்தத் தொல்லை வரலாம் என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

படி 7: மாத்திரைகளை ஒன்றாகக் கொட்டிப் பார்ப்பது

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் அதிகப் பலன் தரும் அரை மணி நேரம் இதுதான். வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றின் பெயருக்கும் எதிரே பி.பி., சிறுநீர், மலம், வேர்வை என்று நாலு கட்டம் போட்டு எதில் கை வைக்கிறது என்று டாக்டரிடமோ விவரமான ஃபார்மசிஸ்டிடமோ கேட்டு நிரப்புங்கள்.

நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் நாலு கட்டத்திலும் வரும்: பி.பி.யை இறக்கும், சிறுநீரைத் தேக்கும், மலத்தை இறுக்கும், வேர்வையிலும் கை வைக்கும். தசை விறைப்பைத் தளர்த்தும் டைசானிடின் பி.பி.யை நன்றாகவே இறக்கும். அதற்கே கொடுக்கும் பாக்லோஃபென் தளர்ச்சியோடு சிலருக்கு மலச்சிக்கலும் தரும். சிறுநீர் வாசலைத் தளர்த்தும் டாம்சுலோசின் நின்றால் மயக்கம் தரலாம். டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் குடலை நிறுத்திவிடும். இரவுச் சிறுநீருக்கு டெஸ்மோபிரசின் சாப்பிடுபவர், பி.பி.க்காக நிறையத் தண்ணீரும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் அபாயகரமாகக் குறையும். எம்.எஸ்.ஸுக்கான மருந்திலேயே ஃபிங்கோலிமோட் முதல் வேளையில் இதயத்துடிப்பை மெதுவாக்கும்; அதனால்தான் ஈ.சி.ஜி. எடுத்து ஆறு மணி நேரம் உட்காரவைத்துக் கவனிக்கிறார்கள். அதைத் தொடங்கும் முன் உங்களுக்கு மயக்கம் வருவதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பாக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். கட்டம் போட்ட தாளைக் காட்டி, “இதில் எதைக் குறைக்கலாம்” என்று கேட்பதுதான் நோக்கம்.

படி 8: யாரிடம், எதைக் கேட்பது

முதல் ஆள் நியூரோ டாக்டர்தான். அவரிடமிருந்து மற்றவர்களுக்குச் சீட்டு வாங்குங்கள், சீட்டில் எம்.எஸ். என்பதும் தண்டுவடத் தழும்பு எந்த மட்டத்தில் என்பதும் எழுதியிருக்கட்டும். ரத்தம் கலந்த சிறுநீர், திரும்பத் திரும்பத் தொற்று, சிறுநீரக வீக்கம் இருந்தால் யூராலஜிஸ்ட்டைத் தாமதிக்காமல் பாருங்கள். இயன்முறை மருத்துவரிடம் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி கேளுங்கள். ஆண்களுக்கும் அது உண்டு. மற்ற நோயாளிகளோடு பேச மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. யூ.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் போகும்போது நடையை மட்டும் காட்டிவிட்டு வராமல், சிறுநீர்க் கட்டுப்பாடு, மயக்கம் பற்றிய மருத்துவக் காகிதங்களையும் கொண்டுபோங்கள்.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

அடிவயிறு உப்பி, மணிக்கணக்காகச் சிறுநீர் சொட்டுக்கூட வராமல் இருந்தால். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாப் பக்கத்தில் வலியும் வந்தால். மயங்கி விழுந்து தலையில் அடிபட்டால். வெயிலில் தோல் காய்ந்து சுட்டு, பேச்சு குழறினால். வண்டி வரும்வரை தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். நோய் முற்றியவர் சில்லென்று குளிர்ந்து, குழப்பமாக, தூங்கி வழிந்தாலும் அவசரம்தான்: ஹைப்போதலாமஸ் பாதிப்பில் உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவது அரிதாக உண்டு, சாதாரணத் தெர்மாமீட்டர் சிலவற்றில் அது தெரியாது.

இன்னொன்றும் அரிதுதான், ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே சிலருக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. தண்டுவடத்தில் மார்புப் பகுதியின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலேயோ பெரிய தழும்பு உள்ளவருக்கு திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வேர்ப்பது, பி.பி. எகிறுவது, நாடி குறைவது. கீழே ஏதோ ஒன்று, பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிய கதீட்டர் அல்லது இறுகிய மலம், இதைக் கிளப்பிவிட்டிருக்கும். படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். இடுப்புத் துணி, பெல்ட், காலுறையைத் தளர்த்துங்கள். கதீட்டர் மடங்கியிருந்தால் நேராக்குங்கள், இல்லையென்றால் சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: “எம்.எஸ். இருக்கிறது, தழும்பு மார்பு ஆறாம் மட்டத்துக்கு மேலே, சிறுநீர்ப்பையை முதலில் பாருங்கள்.”